பதினான்கு நாட்களுக்குள்

மனோர் பார்க், லண்டன்
04.02.2024

அன்புள்ள செல்வமலருக்கு,

இது கைக்குக் கிடைக்கும்போது உமது இடுப்புவலி ஓரளவாவது இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் காதைத் தவிர வேறு குறையில்லை. தொலைபேசியில் நீர் சொல்வதில் பாதியை ஊகித்து, மற்றப் பாதிக்குச் சும்மா "ஓம்" போடுவது மரியாதையாகப் படவில்லை. அதனால் பழையபடி பேனையை எடுத்திருக்கிறேன்.

உமது அக்கா தவமலர் இப்போது மறுவாழ்வு நிலையத்தில் இருக்கிறாள். டிசம்பரில் பக்கவாதம் வந்தபின் பேச்சு முழுவதும் திரும்பிவிட்டது. வலது கை இன்னும் எழும்பவில்லை. ஊன்றுகோலோடு பத்தடி நடக்கிறாள். பயிற்சி கொடுக்கும் பெண் றொசாந்தி எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைதான், தாய் தகப்பன் சுன்னாகம். அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அங்கிள், படி இருக்கிற வீட்டுக்கு ஆன்ட்டியை விட ஏலாது." எங்கள் வீட்டில் பதின்மூன்று படி. குளியலறையும் படுக்கையறையும் மேலே.

ஆகவே நிலத்தளத்தில் ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும். இங்கே வீட்டு ஏஜென்டுகள் அநேகமாக விற்பவருக்காக வேலை செய்பவர்கள். உமது மகன் ரதீசன் மற்ற வகை. வாங்குபவருக்காக வீடு தேடி, பார்த்து, பேரம் பேசுபவன். வெள்ளிக்கிழமை வார்டுக்கே ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தான். ஒரு வருடத்துக்கு அவன் மூலமாக மட்டுமே வாங்குவோம் என்பது சாரம். வாங்குபவர் இருவர் என்றபடியால் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம்.

ஒரு விஷயத்தை உம்மிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். இருமல் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைக்கூட முழுவதும் வாசிப்பவன் நான். இந்த ஒப்பந்தத்தை வாசிக்கவில்லை. ஆறு வருடம் எங்கள் வீட்டில் இருந்து படித்த பிள்ளை முன்னால் நிற்கிறான். கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசிக்கத் தொடங்கினால் அவனைச் சந்தேகிப்பது போல் ஆகிவிடாதா? காட்டிய இடத்தில் ஒப்பமிட்டேன். தவமலர்தான் தாளை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வாசித்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஃபிளாட்டுக்குத் தேவையானவற்றை இருபத்தாறு அம்சங்களாக எழுதி ரதீசனிடம் கொடுத்திருக்கிறேன். கிங்ஸ்பரிப் பக்கம் நல்லது என்று நினைக்கிறேன். என்னோடு படித்த பத்மநாதனும் அங்கேதான். நான் நினைப்பது சரியா என்று தெரியவில்லை. உமது அபிப்பிராயத்தை எழுதும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லும்.

அன்புடன்,
இராசரத்தினம்

*

கொக்குவில்
26.02.2024

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இடுப்புவலி என்னோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது, போகாது. மற்றும்படி சுகம். இங்கே காலமல்லாத காலத்தில் ஒரு மழை பெய்து, வீட்டுக்கு வீடு டெங்குக் காய்ச்சல். வாளி, சிரட்டை எல்லாம் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

அக்காவின் கை கொஞ்சமாவது அசைகிறதா? இடக்கையால் எழுதிப் பழகுகிறாவாம் என்று கேள்விப்பட்டேன். அவ சின்ன வயதிலும் அப்படித்தான், ஒன்று பிடித்தால் விடமாட்டா.

கிங்ஸ்பரியோ வேறு எங்கேயோ, லண்டனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நீங்கள் அக்காவைக் கேட்டீர்களா?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

அன்பு மைத்துனி,
செல்வமலர்

*

மனோர் பார்க்
17.03.2024

அன்புள்ள செல்வமலருக்கு,

டெங்கு உங்கள் வாசலுக்கு வராமல் இருக்கட்டும். நான் நலமே. தவமலர் இப்போது இருபதடி நடக்கிறாள்.

உமது மகனைப் பற்றி உமக்கே குறை எழுத மனம் கூசுகிறது. ஆனால் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், பிழை என்னிடம் என்றால் சொல்லும். ஆறு வாரத்தில் மூன்று ஃபிளாட்டுகள் காட்டினான். முதலாவது இரண்டாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் கிறிஸ்மஸில் இருந்து வேலை செய்யவில்லை என்று அயலவர் சொன்னார். இரண்டாவதில் வாசலுக்கு மூன்று படி. அதைச் சுட்டிக்காட்டினேன்.

"பெரியப்பா, லண்டனில மூண்டு படியை ஆரும் படி எண்டு சொல்லமாட்டினம்."

"தம்பி, உன்ர பெரியம்மாவுக்கு ஒண்டே மலை."

"சரி சரி, அடுத்தது பார்ப்பம்" என்றான். அடுத்தது கோழி பொரிக்கும் கடைக்கு மேலே. பட்டியலின் முதலாவது அம்சமே நிலத்தளம் என்பது. அதை அவன் வாசிக்கவே இல்லையா? இவன் பிரீமியர் லீக் ஆட்டக்காரருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுப்பவன் என்று பெயர் எடுத்தவன். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும் விட்டுவிட்டான். காரில் வரும்போது வானொலியைக் கூட்டி வைக்கிறான், என் காதுக்கே கேட்கிறது.

மே மாதம் தவமலரை அங்கிருந்து விடுவிப்பார்களாம். அதற்குள் வீடு இல்லையென்றால் ஏதாவது பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நினைப்பு வந்தால் எனக்குத் தண்ணீர்கூட இறங்குவதில்லை.

தவமலரைக் கேட்டேனா என்று எழுதியிருந்தீர். அவளிடம் தனியாகக் கேட்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும்.

உமது நலத்துக்காக எந்நாளும் வேண்டிக்கொள்ளும்,
இராசரத்தினம்

*

கொக்குவில்
10.04.2024

அன்பின் அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். வருடப்பிறப்புக்கு வீடு கழுவியதில் முதுகும் சேர்ந்து நோகிறது. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. அணில்கள் பாதி, நாங்கள் பாதி.

ரதீசன் தம்பியை மன்னித்துக்கொள்ளுங்கள். அவன் கெட்ட பிள்ளை இல்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளை. வீட்டு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் அத்தான். மே மாதம் என்றால் மே மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். போன கிழமை அக்காவோடு தொலைபேசியில் கதைத்தேன், அவ

(இங்கே ஒன்றரை வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.)

நல்ல தெளிவாகக் கதைத்தா. சிரித்தும் கதைத்தா.

வெயில் வந்தால் கொஞ்சம் வெளியே நடவுங்கள்.

அன்பு மைத்துனி,
செல்வமலர்

*

மனோர் பார்க்
28.04.2024

அன்புள்ள செல்வமலருக்கு,

முதுகுக்குச் சுடுநீர்ப் பை வையும். பாரமான வாளி தூக்க வேண்டாம். நான் நலம்.

நீர் அடித்துவிட்ட வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அடிப்பவருக்கு அதற்கான உரிமை உண்டு என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

இப்போது ஒரு நல்ல செய்தியும் ஒரு சிக்கலும். சேர்ச் ரோட் முருகன் கோயிலில் பத்மநாதனைக் கண்டேன். அவன் தன் கிங்ஸ்பரி ஃபிளாட்டை விற்கப் போகிறானாம். நிலத்தளம், வாசலில் படி இல்லை, குளியலறையில் பிடிமானம்கூட இருக்கிறது. என் இருபத்தாறு அம்சங்களில் இருபத்துநான்கு பொருந்துகிறது. "வெளியாருக்குக் கொடுக்கிறதைவிட உனக்குக் கொடுக்கிறன், நாளைக்கே வா" என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை முதல்தரமாக வாசித்தேன். ஒரு வருடத்துக்கு ரதீசனைத் தவிர்த்து, சொந்தச் சகோதரனிடமிருந்துகூட வீடு வாங்க முடியாது. இதற்கா கண்ணாடி போடாமல் கையெழுத்து வைத்தேன்? பிறகு ஒன்பதாவது பிரிவைக் கண்டேன். முதல் பதினான்கு நாட்களுக்குள் என்றால் காரணம் சொல்லாமலே முடிக்கலாம். அது போய்விட்டது. அதற்குப் பிறகு என்றால் எழுத்தில் முப்பது நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வாங்குபவர் இருவரில் ஒருவர் கொடுத்தாலே போதும், இருவருக்கும் முடிந்துவிடும். இது நல்ல ஏற்பாடு. தவமலரை இதற்குள் இழுத்துச் சிரமப்படுத்தத் தேவையில்லை.

அறிவித்தலை ஐந்து தரம் எழுதிவிட்டேன். கழுத்துப்பட்டி கட்டப் பழக்கிய பிள்ளைக்கு "இத்தால் அறியத் தருவது" என்று எப்படித் தொடங்குவது? நீர் அவனுடைய தாய். நீர் சரி என்று எழுதினால் மட்டுமே கொடுப்பேன். குறை நினைத்தால் தயங்காமல் சொல்லும்.

உமது பதிலுக்குக் காத்திருக்கும்,
இராசரத்தினம்

*

மனோர் பார்க்
19.05.2024

செல்வமலருக்கு,

நீர் சுகமாக இருக்க வேண்டும். உம்மிடமிருந்து பதில் வரவில்லை. இருபது நாளாகத் தபால்காரரை ஜன்னலால் பார்த்தேன். மே மாதம் பாதி போய்விட்டது. அதனால் உமது அனுமதி இல்லாமலே வெள்ளிக்கிழமை ரதீசனின் அலுவலகத்துக்குப் போனேன்.

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

அறிவித்தலை மேசையில் வைத்தேன். அவன் உறையைத் திறக்கவில்லை.

"பெரியப்பா, இது தேவையில்லை."

"எனக்குத் தேவை தம்பி. முப்பது நாள் ஓடத் தொடங்க வேணும்."

"இல்லை பெரியப்பா. கொன்ட்ராக்டே இல்லை."

என் காதுதான் பிழைவிட்டது என்று நினைத்து மற்றக் காதைத் திருப்பினேன். அவன் எழும்பி, கதவைச் சாத்தி, கோப்பில் இருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னே வைத்தான். அதில் 12.02.2024 என்று திகதி. நாங்கள் கையெழுத்து வைத்துப் பத்தாவது நாள். எழுத்து, நண்டு ஊர்ந்ததுபோல் இடக்கை எழுத்து. அதை மனப்பாடமாக உமக்கு எழுதுகிறேன்:

"ரதீசன், எங்களுடைய ஒப்பந்தத்தை இத்துடன் முடிக்கிறேன். பதினான்கு நாட்களுக்குள் முடித்தால் காரணம் சொல்லத் தேவையில்லை என்று தாளில் இருக்கிறது. ஆகவே சொல்லவில்லை. பெரியம்மா தவமலர்."

பிறகு கேட்டேன், "அப்ப நாங்கள் பார்த்த வீடுகள்?"

அவன் சுவரைப் பார்த்தான். "சும்மா, பெரியப்பா."

"சும்மாவோ?"

"பெரியம்மாதான் சொன்னவ. 'நான் சொல்லுமட்டும் அவரிட்ட வாய் திறக்காத. வாங்க ஏலாத வீடாப் பார்த்துக் காட்டு. வீட்டில தனிய இருந்தா யோசிச்சு யோசிச்சுக் கரைஞ்சு போவார், கூட்டிக்கொண்டு திரி' எண்டு. எனக்கு விருப்பமில்லை பெரியப்பா. கோழிக்கடைக்கு மேல கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கேல்லை."

"ஏன் முடிச்சவ?"

"அதை அவவைத்தான் கேக்க வேணும்" என்று சொல்லி அழுதுவிட்டான். முப்பத்தெட்டு வயதுப் பிள்ளை.

நான் கொண்டுபோன அறிவித்தலை அப்படியே மேசையில் விட்டுவிட்டு வந்தேன். முடிந்துபோன ஒன்றை முடிக்கும் கடிதம். எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று தெரியாது. ஈஸ்ட் ஹாமில் கடைசித் தரிப்பு என்று சாரதி இறக்கிவிட்டார்.

செல்வம், உமக்கு இது தெரியுமா?

இராசரத்தினம்

*

கொக்குவில்
12.06.2024

அன்பின் அத்தானுக்கு,

இந்தக் கடிதம் உங்களை நல்ல நெஞ்சுடன் காண வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தை முடித்த அன்றே அக்கா தொலைபேசி எடுத்துச் சொன்னா. ஏப்ரலில் நான் அடித்துவிட்டதும் அதுதான். உங்கள் அறிவித்தல் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பொய் எழுத வேண்டியிருந்தது. நான்கையும் கிழித்தேன். என் பிள்ளையையும் பொய்க்காரன் ஆக்கிவிட்டோம்.

ஒன்றை என் வாயால் சொல்லிவிடுகிறேன். பிறகு இன்னொருவர் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. அக்கா ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு முதியோர் குடியிருப்புக்கு விண்ணப்பித்திருக்கிறா. தனித்தனி வீடுகளாம், உதவிக்கு ஆள் இருக்குமாம், எங்கள் ஆட்களும் சிலர் இருக்கிறார்களாம். றொசாந்தி என்ற பிள்ளைதான் படிவம் நிரப்பிக் கொடுத்தது. அதில் எத்தனை பேருக்கு என்ற கேள்விக்கு ஒருவருக்கு என்று எழுதியிருக்கிறா.

அத்தான், நீங்கள் அவவிடம் கேட்டீர்களா? அவவும் நீங்களும் என்ன கதைத்தீர்கள்?

மாத்திரைகளை விட்டுவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும்,
செல்வமலர்

*

மனோர் பார்க்
27.06.2024

அன்புள்ள செல்வமலருக்கு,

நீர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

"ஒருவருக்கு" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நீர் எழுதியதை வாசிக்க மறுநாள் ஆகிவிட்டது.

நான் அவளிடம் கேட்கவில்லை. ரதீசனின் அலுவலகத்தில் நடந்ததற்கு அடுத்த நாளும் இரண்டு மணிக்குப் போனேன். இன்றுவரை ஒருநாளும் தவறவில்லை. அங்கே அவளுடைய வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்த வேண்டும், விரலுக்கு இருபது தரம். நான் எண்ணிக்கொண்டு செய்வேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ரதீசன் சொல்லியிருப்பான், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். போன செவ்வாய் நான் பதினெட்டில் நின்றுவிட்டேன். "இன்னும் ரெண்டு கிடக்கு" என்றாள். செய்தேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

மே மாதம் விடுவிக்கவில்லை. ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. இடம் கிடைக்கும்வரை அவளை அங்கே வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு, என்னைத் தவிர. றொசாந்தி என்னைக் கண்டால் தேநீர் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்பதன் காரணமும் விளங்குகிறது.

ஏன் கேட்கவில்லை என்று நீர் நினைப்பீர். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே. அந்தப் பயம்.

நாற்பத்தாறு வருடம் செல்வம். நான் கை ஓங்கியதில்லை. குரல் உயர்த்தியதில்லை. குடித்ததில்லை. அவள் இன்னொருவர் முன்னால் தலை குனியும்படி ஒன்றும் செய்ததாக நினைவில்லை. இரவு பகலாகத் தேடிப் பார்க்கிறேன். என் நினைவில் நம்பிக்கை குறைந்துபோய்விட்டது. நான் செய்து, நானே அறியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அவள் உம்மிடம் காரணம் சொல்லியிருந்தால் தயவுசெய்து எழுதும். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன், அல்லது முயல்வேன்.

பத்மநாதனிடம் ஃபிளாட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நீ ஒருநாளும் ஒரு முடிவு எடுக்கமாட்டாய்" என்று ஏசினான்.

உமது,
இராசரத்தினம்

*

கொக்குவில்
18.07.2024

அன்பின் அத்தானுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதினாலும் உங்கள் எழுத்து சரிந்திருக்கிறது. வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். நான் சுகம்.

காரணம் கேட்டீர்கள். அக்கா சொன்னதை அவ சொன்னபடியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"உன்ர அத்தான் கெட்டவர் எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். அவர் உலகத்தில உள்ள எல்லாரிட்டையும் கேப்பார். நாட்டை விட்டு வெளிக்கிடேக்க எங்கட அப்புவைக் கேட்டவர், பள்ளிக்கூடப் பிரின்சிப்பலைக் கேட்டவர், கொழும்பில ஒரு லோயரைக் கேட்டவர். எனக்கு 'வியாழக்கிழமை பயணம், பையைக் கட்டும்' எண்டவர். மனோர் பார்க் வீட்டுக்குப் பதினொரு பேரைக் கேட்டவர். வந்தவைக்கெல்லாம் நான் தேத்தண்ணி குடுத்தன். நான் அந்த வீட்டை முதல்முதல் பார்த்தது வாங்கி முடிஞ்சு, கதவுத் திறப்புக் கையில வந்தாப் பிறகு. கர்ப்பப்பை எடுக்கிறதுக்கு நாலு டொக்டர்மார். இப்ப கிங்ஸ்பரிக்கு உன்னையும் கேட்டு எழுதிப்போட்டார். பக்கத்தில படுத்துக் கிடக்கிற என்னை இல்லை."

பிறகு இன்னொன்றும் சொன்னா. "நான் அண்டைக்குக் குசினியில அடுப்படியில விழுந்து கிடக்க, அம்புலன்ஸில வந்த ஆள் குனிஞ்சு, உங்களை எந்தப் பக்கத்தால தூக்க விருப்பம் எண்டு கேட்டவன். எனக்கு வாய் கோணிக் கிடக்கு, பதில் சொல்ல ஏலாது. ஆனா அவன் காத்துக்கொண்டு நிண்டவன். செல்வம், எனக்கு எழுபத்திரண்டு வயசு."

அவ்வளவுதான் அத்தான்.

இனி அக்காவைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நடுவில் நான் இருக்கும்வரை நீங்கள் என்னைத்தான் கேட்பீர்கள். வாயால் கேட்க உங்களால் ஏலாது என்று எனக்குத் தெரியும். எனக்கு எழுத ஏலுமென்றால் அவவுக்கும் எழுத ஏலும்.

என் கடிதத்தைக் காணவில்லை என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எப்போதும் உங்கள் அன்பு மைத்துனி,
செல்வமலர்

*

மனோர் பார்க்
01.08.2024

தவம்,

உம்மை எப்படி விளித்து எழுதுவது என்று தெரியாமல் இந்த ஒரு சொல்லை எழுதி அரைமணி நேரம் ஆகிறது. நான் உமக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது எங்கள் கலியாணத்துக்கு முதல் மாதம். அதிலும் பந்தலுக்கு யாரைப் பிடிப்பது என்று உமது அண்ணரைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு உம்மைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். உமது நலத்தை விசாரிப்பது வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் விசாரிக்கிறேன். இன்று கால் வீங்கியிருந்ததுபோல் தெரிந்தது. சுகமா?

ரதீசனின் கோப்பில் உமது கடிதத்தை வாசித்தேன். செல்வமும் எழுதினாள். அவளில் குறை காண வேண்டாம், நான் வற்புறுத்தினேன்.

பதினொரு பேரை நானும் எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதினொரு பேர்தான். அவர்களிடம் கேட்டது எனக்கு என்னில் நம்பிக்கை இல்லாததால். உம்மிடம் கேட்காதது, உம்மையும் நானாகவே நினைத்துவிட்டதால். என் வலது கையிடம் நான் கேட்பதில்லை அல்லவா, அப்படி. இதை நியாயமாகச் சொல்லவில்லை. இப்போது எழுதி வாசிக்கும்போது எனக்கே திடுக்கென்கிறது. உமது கை விழுந்து எட்டு மாதம், நான் இந்த உதாரணத்தை எழுதியிருக்கிறேன். அடிக்காமல் விடுகிறேன். நான் எப்படி யோசிப்பவன் என்று நீர் அறிய வேண்டும்.

உம்மிடம் கேட்பதற்கு ஏழு கேள்விகள் எழுதினேன். ஆறை வெட்டிவிட்டேன்.

உமக்கு எங்கே, எப்படி இருக்க விருப்பம்?

என்ன பதில் என்றாலும் அப்படியே நடக்கட்டும். நாளைக்கு இரண்டு மணிக்கு வருவேன், ஆனால் பதிலை வாயால் சொல்ல வேண்டாம். எனக்குச் சரியாகக் கேட்காமல் போய்விடும். எழுதும்.

இராசரத்தினம்

*

மறுவாழ்வு நிலையம், ஐந்தாம் அறை
09.08.2024

உங்களுக்கு,

இடக்கை என்றபடியால் சுருக்கமாக எழுதுகிறேன். கால் வீக்கம் இல்லை, தடித்த காலுறை போட்டிருந்தேன். நீங்கள் மெலிந்துபோனீர்கள். சட்டைக் கழுத்து இரண்டு விரல் தொங்குகிறது.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். றொசாந்தி, "என்ன ஆன்ட்டி, லவ் லெட்டரோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, வீட்டுக் கடிதம்" என்றேன். நம்பவில்லை.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஃபாரஸ்ட் கேட், 19ஆம் திகதி திங்கட்கிழமை போகிறேன். மூன்று வீடு காட்டினார்கள். மூன்றாவதை எடுத்தேன். முதல் இரண்டும் தோட்டத்தைப் பார்க்கும். இது தெருவைப் பார்க்கும். எனக்குத் தெரு விருப்பம். உங்களுக்கு அது தெரியாது, நானும் சொன்னதில்லை.

தனிய இருந்து பார்க்க விருப்பம். கோபத்தில் போகவில்லை. கோபம் என்றால் முப்பது வருடத்துக்கு முந்தியே போயிருப்பேன். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பெப்ரவரியில் நீங்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியாது.

ரதீசனை ஏசாதீர்கள். உங்களைக் கோழிக்கடைக்கு மேலே ஏற்றியது என் பிழை. நான் நேரே சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் உங்களைப்போல வாய் வராது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்? பத்மநாதனையும் கேட்காமல், செல்வத்தையும் கேட்காமல் எழுதுங்கள்.

தவமலர்

*

மனோர் பார்க்
14.08.2024

தவம்,

நான் சுகம். சட்டையை ஒரு அளவு குறைத்து வாங்கிவிட்டேன்.

உமது கேள்விக்குப் பதில் எழுத ஐந்து நாள் பிடித்தது. முதல் நாள் என்னை அறியாமல் கிங்ஸ்பரிக்கு வெளிக்கிட்டு, பஸ் தரிப்பில் நின்று, பத்மநாதனிடம் என்ன கேட்கப் போகிறேன் என்று யோசித்து, திரும்பி வந்தேன். மற்ற நான்கு நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். என் விருப்பம் எது என்று கண்டுபிடிப்பது இவ்வளவு கடினம் என்று நினைக்கவில்லை. அதை ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்குக் கிங்ஸ்பரி வேண்டாம். ஒருநாளும் வேண்டியிருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. மற்றவர்கள் நல்லது என்றார்கள்.

என் முதலாவது விருப்பம் உமக்குத் தெரியும். அதை எழுதி உம்மைச் சங்கடப்படுத்த மாட்டேன். இரண்டாவது விருப்பம், இந்த வீட்டிலேயே இருப்பது. ரதீசனோடு பேசிவிட்டேன். விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை என்றேன். "சரி பெரியப்பா" என்றான். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, "திங்கட்கிழமை பெரியம்மாவின்ர சாமான் ஏத்த நான் வாறன்" என்றான். உமக்குச் சம்மதமா என்று அவன் உம்மிடம் கேட்பான்.

திங்கட்கிழமை நான் வரமாட்டேன். அது உமது நாள். 25ஆம் திகதி ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வந்து கதவு மணியை ஒருதரம் அடிப்பேன். எனக்கு உள்ளே இருந்து சத்தம் கேட்காது. ஆகவே ஐந்து நிமிடம் நிற்பேன். கதவு திறக்காவிட்டால் அன்று உமக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு வருவேன்.

இராசரத்தினம்